பாடு கண்ட பிறகு

வேட்டை என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் சட்டத்துக்கு உட்பட்டு, ஒரு பெரும் தொழிலாகப் பேச இன்று கடல் ஒன்றுதான் மிச்சமிருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காட்டு வேட்டையைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. உரிமம் வாங்கிச் சுடலாம் என்று அதில் இருந்த வழியையும் 1991-இல் வந்த திருத்தம் அடைத்துவிட்டது. கண்மாய்க் கரையில் கண்ணி வைத்துக் காட்டுப்பறவை பிடிப்பவருக்கு, பிடித்த பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு வழக்குதான் பதில். வட அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே காட்டு வான்கோழியைப் பருவத்தில், உரிமத்தோடு சுடலாம். பறவை விழுந்ததோடு வேலை முடிந்ததாக அங்கே யாரும் நினைப்பதில்லை. பல மாநிலங்களில் பறவையை இடத்தைவிட்டு எடுக்கும் முன்பே அதற்கு அடையாளச் சீட்டுக் கட்ட வேண்டும், குறித்த கெடுவுக்குள் அரசுக்குத் தகவலும் கொடுக்க வேண்டும். குடலையும் கழுத்தடியில் இருக்கும் தீனிப்பையையும் காலம் கடத்தாமல் எடுத்து, உடம்பின் சூட்டை வெளியேற்றி, இறைச்சியைக் குளிர வைக்க வேண்டும். பறவையின் உடல்சூடு 40 டிகிரிக்கு மேல் என்பதால், அந்தச் சூட்டோடு ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்தால் சுட்டதற்கே பொருளில்லாமல் போகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இந்த ஒழுங்கைப் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையில் வைத்து யோசித்துப் பார்க்கலாம். மாவட்டத்தின் கடற்கரை நீளம் சுமார் 42 கிலோமீட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கிலிருந்து வந்தால் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் தாண்டி, ராமநாதபுரம் எல்லையை நெருங்கும் இடத்தில் இருக்கிறது மீமிசல். கோட்டைப்பட்டினமும் ஜெகதாப்பட்டினமும் விசைப்படகுத் தளங்கள். மீமிசலைச் சுற்றிய ஊர்களில் நாட்டுப்படகுத் தொழிலும் நண்டு, இறால் பிடிப்பும் உண்டு. எதிரே இருப்பது பாக் விரிகுடா, ஆழம் குறைந்த, சேறு படிந்த, கடற்புல் மண்டிய கடல். ‘இன்னைக்குப் பாடு எப்படி?’ என்றுதான் கரையில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். பாடு என்றால் வலையில் விழுந்தது, எவ்வளவு விழுந்தது என்பது. விழுந்தது எந்த நிலையில் கரைக்கு வந்தது என்று கேட்க இப்படிக் கைவாகான ஒரு சொல் நம்மிடம் இல்லை. இந்தக் குறை பேச்சோடு நிற்பதில்லை, கணக்கிலும் இருக்கிறது. டீசலும் வலையும் ஆள்கூலியும் மீன்பிடிச் செலவு என்றும், ஐஸ் அதற்கு மேல் வரும் உபரிச் செலவு என்றும் நினைக்கும் பழக்கம்தான் நம் கடற்கரையின் பெரிய நஷ்டம் என்பது என் கட்சி. நஷ்டத்தின் அளவை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2020-இல் தொடங்கிய பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டம், பிடித்த பிறகு வீணாகும் மீன் 20 முதல் 25 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, அதைச் சுமார் 10 சதவீதமாகக் குறைப்பதைத் தன் இலக்குகளில் ஒன்றாக அறிவித்தது. நாலு கூடை பிடித்தால் ஏறக்குறைய ஒரு கூடை யாருக்கும் உதவாமல் போகிறது என்று இதைப் படிக்கலாம்.

மீன் கெடுவது எப்படி? செத்த மீனின் உடம்பில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. அதன் சொந்தச் செரிமான நொதிகள் உள்ளிருந்து சதையைக் கரைக்கத் தொடங்குகின்றன. செவுளிலும் தோலிலும் குடலிலும் இருந்த நுண்ணுயிர்கள் வெளியிலிருந்து நுழைகின்றன. இரண்டுக்கும் வேகம் கொடுப்பது வெப்பம். மீன் வல்லுநர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கின்படி, பூஜ்ஜிய டிகிரியில் ஒரு நாளில் நடக்கும் கேடு 10 டிகிரியில் நான்கு மடங்கு வேகத்தில் நடக்கும். அதே கணக்கை நீட்டினால் 30 டிகிரியில் பதினாறு மடங்கு. அப்படியானால் வெயிலில் ஒன்றரை மணி நேரம் கிடந்த மீன், ஐஸில் ஒரு முழு நாளைச் செலவழித்துவிட்டது. நார்வேக்காரர் பிடிக்கும் மீன் குளிர்ந்த கடலிலிருந்து பாதிக் குளிர்ச்சியோடு வருகிறது. பாக் விரிகுடாவின் மீனோ 28, 30 டிகிரித் தண்ணீரில் வாழ்ந்து, அதே சூட்டோடு படகில் விழுகிறது. ஆகவே நமக்குக் கெடு குறைவு. இதன் மறுபக்கம் பலருக்கும் தெரியாது: நம் மீனின் மேல் வாழும் நுண்ணுயிர்கள் வெப்பத்துக்குப் பழகியவை, ஐஸின் குளிரில் முடங்கிப்போகின்றன. குளிர்கடல் மீனின் மேல் இருப்பவை குளிரிலும் பெருகும். அதனால் உடனே ஐஸில் இட்ட வெப்பக்கடல் மீன் பலவும், அதே ஐஸில் இட்ட குளிர்கடல் மீனைவிட அதிக நாள் தாங்குகின்றன. இரண்டு, மூன்று வாரம் நிற்பவைகூட உண்டு. ஐஸால் உலகத்திலேயே அதிகம் லாபம் அடையக்கூடியவர்கள் நம்மைப் போன்ற வெப்பக்கடல்காரர்கள்தான். அதைக் குறைவாகப் பயன்படுத்துபவர்களும் நாம்தான் என்பது வேடிக்கை.

எவ்வளவு ஐஸ் வேண்டும் என்பதை விரல்விட்டே எண்ணலாம். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரி வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. 30 டிகிரியில் இருக்கும் பத்துக் கிலோ மீனைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 255 கிலோ கலோரி வெப்பம் வெளியேற வேண்டும். அதாவது மூன்று கிலோவுக்குச் சற்று மேல் ஐஸ். பெட்டியின் சுவர் வழியாகவும் மூடியைத் திறக்கும்போதும் புகும் வெப்பத்தைச் சமாளிக்க மீதி ஐஸ் தேவைப்படுகிறது. நம் ஊர் வெயிலுக்கு மீனின் எடைக்குச் சம எடை ஐஸ் என்று வல்லுநர்கள் சொல்வது இதனால்தான். பாளம் பாளமாக உடைத்த கட்டியை மீன்மேல் தூக்கிப் போட்டால் போதாது. அது தொடும் இடத்தில் மீன் நசுங்கும், தொடாத இடத்தில் சூடு அப்படியே இருக்கும். பொடியாக உடைத்து, அடியில் ஒரு அடுக்கு ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று வைக்க வேண்டும். உருகிய நீர் இரத்தத்தையும் கோழையையும் கழுவிக்கொண்டு வடிய அடியில் ஓட்டை இருக்க வேண்டும். கடல்நீரில் ஐஸைக் கலந்து கூழாக்கி அதில் மீனை முக்கினால் இன்னும் வேகமாகக் குளிரும், ஏனென்றால் தண்ணீர் எல்லாப் பக்கமும் தொடுகிறது. இவற்றில் எதற்கும் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. தெர்மாகோல் அடைத்த ஒரு பெட்டியும், அதை வெயில் படாமல் மூட ஒரு ஈரச் சாக்கும் போதும்.

ஆனால் எல்லா மீனுக்கும் ஒரே வைத்தியம் இல்லை. இறாலின் தலையோரம் கறுப்பது நுண்ணுயிரால் வருவதில்லை. அதன் உடம்பிலேயே உள்ள ஒரு நொதி காற்றுப் பட்டதும் செய்யும் வேலை அது. தலையைச் சீக்கிரம் கிள்ளி, கழுவி, ஐஸில் இட்டால் தள்ளிப்போகும். கறுப்பை மறைக்கச் சல்பைட் பொடியை அளவுக்கு மீறித் தூவினால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. நீலக்கால் நண்டு வேறு ரகம். செத்த நண்டின் சதை மிக வேகமாகக் குழைந்துபோகும் என்பதால் உயிரோடு கரைக்கு வருவதுதான் அதற்கு விலை. ஈரச் சாக்கில், நிழலில், காற்றோட்டமாக வைத்துக் கொண்டுவந்து அவித்துச் சதை எடுக்க வேண்டும். பாக் விரிகுடா நண்டுச் சதை அமெரிக்காவரை போவதற்கு இந்தக் கவனம்தான் காரணம். திருக்கை, சுறாவின் இரத்தத்தில் யூரியா இருக்கிறது. அது சிதைந்தால் அமோனியா வாடை வரும். பிடித்த உடனே இரத்தத்தை வடித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. இரை நிறைந்த வயிற்றோடு பிடிபட்ட சாளையின் வயிறு சில மணி நேரத்தில் வெடித்துவிடும், அதைக் குடல் எடுத்துச் சுத்தம் செய்ய யாருக்கும் நேரமும் இல்லை, குளிரவைப்பது மட்டுமே வழி. பெரிய மீனுக்குக் குடல் எடுப்பது நல்லது, ஆனால் எடுத்தபின் நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் எடுக்காமலே இருந்திருக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத கேடு. சூரை, கானாங்கெளுத்தி, சாளை போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். சூட்டில் கிடக்கும்போது சில நுண்ணுயிர்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், தலை வலிக்கும், உடம்பில் தடிப்பு எழும். ‘எனக்கு மீன் ஒத்துக்கிறதில்லை’ என்று சொல்பவர்களில் சிலருக்கு உண்மையில் ஒத்துக்கொள்ளாதது அந்த மீனைக் கையாண்ட விதமாக இருக்கலாம். ஒருமுறை உண்டான ஹிஸ்டமின் வேகவைத்தாலும் வறுத்தாலும் உறையவைத்தாலும் போகாது. குழம்பில் புளி எவ்வளவு கரைத்தாலும் போகாது. உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் இது இருக்கக்கூடாது என்கிறது. 2017 ஜூலையில் ராமேசுவரத்தில், பாக் விரிகுடாவின் இழுவலைப் படகுகளை ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்றும் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். படகு ஒன்றுக்கு 80 லட்ச ரூபாய். இழுவலையின் அழுத்தத்தைக் குறைக்கவும், எல்லை தாண்டும் பிரச்சினையைத் தணிக்கவும் எடுத்த முடிவு அது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால் ஒரே இரவில் திரும்பும் தொழிலிலிருந்து பல நாள் தங்குகடல் தொழிலுக்கு, அதிலும் ஹிஸ்டமின் ஏறக்கூடிய ஒரு மீனுக்கு மாறுவது என்றால், படகைவிடப் பெரிய மாற்றம் ஐஸ் பெட்டியைக் கையாளும் பழக்கத்தில்தான் நடக்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு யாரும் 80 லட்சம் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

வான்கோழிக்குச் சீட்டுக் கட்டுவதற்கு நிகரான கடமை ஒன்று நம் கடலிலும் உண்டு: வலையைக் கொட்டியதும் எது நமக்கு உரியது, எது உரியதல்ல என்று பிரிப்பது. மீமிசலுக்கு வடக்கே, புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. கடற்பசு நம்மைப் போல மூச்சு விடுகிற பிராணி. வலையில் சிக்கி நீருக்கடியில் சில நிமிடம் கிடந்தால் மூச்சடைத்துச் செத்துவிடும். வலையை அறுத்து விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பரிசும் பாராட்டும் வழங்கியிருக்கிறது. கடல் அட்டையும் கடல்குதிரையும் 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிர்கள். சினை நண்டை விடச்சொல்லி எந்தச் சட்டம் மிரட்டுகிறதோ இல்லையோ, ஒரு சினை நண்டின் வயிற்றில் பல லட்சம் முட்டை இருக்கிறது என்ற கணக்கு போதும். உயிரோடு விடவேண்டியதைச் செத்தபின் விடுவதில் புண்ணியம் இல்லை. ஆகவே இந்தப் பிரிப்பும் முதல் சில நிமிடங்களின் வேலைதான். நல்ல மீனை ஐஸில் வைக்கும் கையே இதையும் செய்கிறது.

இனி மறுப்புகளுக்கு வரலாம். முதல் மறுப்பு: ஐஸ் காசு. நாட்டுப்படகுக்காரருக்கு அது பெரிய காசு. உண்மைதான். ஆனால் இந்தக் கரையில் இந்த வாதம் புதிதல்ல, பெயர் மட்டும் மாறியிருக்கிறது. ஆங்கில ஆட்சியில் ஐஸின் இடத்தில் இருந்தது உப்பு. உப்பு வரி ஏறியபோது மீனவர்கள் உப்பைக் குறைத்தார்கள், உவர்மண்ணைத் தடவினார்கள். கருவாடு நாறியது. மீனவர்களுக்குச் சுத்தம் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. 1873-இல் இந்தியக் கடல் மீன்வளம் பற்றி அறிக்கை தந்த பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் அப்படிச் சொல்லவில்லை. மலிவான உப்புக் கிடைத்தால் மீன் பதனிடும் தொழில் வளரும் என்றார். பிறகு சென்னை மாகாணத்தில் அரசு மீன் பதனிடும் முற்றங்களை அமைத்து, அங்கே வரியில்லா உப்பு கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாகாண மீன்துறையை உருவாக்கிய பிரடரிக் நிக்கல்சனும் பிடிப்பதைப் பெருக்குவதோடு நில்லாமல் பிடித்ததைக் காப்பதில் பெரும் அக்கறை காட்டினார். தரம் கெட்டதற்குக் காரணம் மனிதரின் அலட்சியம் என்று பார்க்காமல் காக்கும் பொருளின் விலை என்று பார்த்ததே அவர்களின் நுட்பம். டீசலுக்கு இன்று மானியம் உண்டு. வலை இழுக்கச் செலவாகும் எண்ணெய்க்குக் கைகொடுக்கும் அரசு, இழுத்ததைக் காக்கும் ஐஸுக்கு அதே ஒழுங்கோடு கைகொடுத்தால் அது சலுகை ஆகாது. ஏற்கெனவே செய்த செலவைக் காப்பாற்றும் வழி.

இரண்டாவது மறுப்பு: நம் முன்னோர்க்கு ஐஸ் ஏது? அவர்கள் கருவாடு போட்டுப் பிழைக்கவில்லையா? பிழைத்தார்கள். நெய்தல் திணைப் பாட்டுகளில் மணலில் மீன் உணக்கிப் பறவை விரட்டும் பெண்கள் வருவது அதனால்தான். ஓலைப்பாயில் சுற்றி மண்ணில் புதைத்துப் பக்குவம் செய்யும் குழிக்கருவாடும் இந்தக் கரையின் அறிவு. ஆனால் கருவாட்டை ஐஸுக்கு எதிராக நிறுத்துவது பிழை. கெடத் தொடங்கிய மீனைக் காயவைத்தால் கெட்ட கருவாடுதான் வரும். சற்றுமுன் சொன்ன ஹிஸ்டமின் காயவைத்தாலும் அழியாது. கருவாடு என்பது மிச்சத்தை ஒதுக்கும் தொட்டி என்ற நினைப்பு வந்தபிறகே அதன் பெயரும் விலையும் இறங்கின. மேலும், இழுவலையில் விழுந்து கோழித்தீவன ஆலைக்குப் போகும் சங்காயம் என்ற கழிவுமீனில் எல்லாமே தின்னத் தகாத மீன் இல்லை. சின்னஞ்சிறு குஞ்சுகள் ஒரு பங்கு, அவற்றை வலையே விட்டிருக்க வேண்டும். காரல் போல ஏழை வீட்டுக் குழம்புக்குப் போயிருக்கவேண்டிய மீன், கூளத்தோடு கூளமாக நசுங்கிச் சூட்டில் கிடந்ததால் சங்காயமானது இன்னொரு பங்கு.

மூன்றாவது மறுப்பு வாங்குபவரிடமிருந்து வருகிறது. ஐஸ் மீன் பழைய மீன், ஐஸ் படாத மீனே பச்சை மீன் என்று உள்ளூர்ச் சந்தைகளில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. கடற்கரையில் குடியிருப்பவருக்கு, வலையிலிருந்து நேரே அடுப்புக்குப் போகும் மீனைப் பொறுத்தவரை அது சரி. அறந்தாங்கியிலோ புதுக்கோட்டையிலோ மதியம் பன்னிரண்டு மணிக்கு அலுமினியச் சட்டியில் ஐஸில்லாமல் இருக்கும் மீன் எந்தக் கணக்கில் பச்சை மீன்? ஐஸ் இல்லாமலே விறைப்பாக, பளபளப்பாக இருக்கும் மீன்தான் வேண்டும் என்று கேட்கும் சந்தைக்குத் தந்திரசாலிகள் வேறு வழியில் அதைக் கொடுப்பார்கள். 2018-இல் கேரள அரசின் ‘சாகர் ராணி’ சோதனையில் ஃபார்மலின் தடவிய மீன் பிடிபட்டதும், அதன்பின் சென்னை மீனிலும் அது இருப்பதாகச் செய்தி வந்ததும், மக்கள் சில வாரம் மீன்கடைப் பக்கமே போகாததும் நினைவிருக்கும். பிணம் கெடாமல் வைக்கும் மருந்து அது. கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் சில நிமிடங்களில் அதைக் கண்டுபிடிக்கும் காகிதச் சோதனையை உருவாக்கியது. நல்லது. ஆனாலும் ஐஸுக்குக் கொடுக்க மறுத்த மரியாதையின் இடத்தில்தான் ஃபார்மலின் வந்து உட்கார்ந்தது. ஐஸ் எப்போது வைக்கப்பட்டது என்று கேட்பதே சரியான கேள்வி: படகிலா, கரையிலா, கடையிலா?

நான்காவது மறுப்பு மீனவரிடமிருந்து வருவது, இதற்குத்தான் எளிதில் பதில் இல்லை. ‘நான் ஐஸ் வெச்சுக் கொண்டாந்தாலும் ஏலத்துல அதே விலைதான்.’ கரையில் மீன் கூறு போட்டு ஏலம் விடப்படுகிறது. கடனுக்குக் கட்டுப்பட்ட படகு, கடன் கொடுத்த வியாபாரிக்கே மீனைத் தரவேண்டிய நிலையும் உண்டு. ஐஸில் வந்த கூறும் வெயிலில் வந்த கூறும் அடுத்தடுத்துக் கொட்டப்பட்டு, இனத்தையும் அளவையும் வைத்து மட்டும் விலை பேசப்பட்டால், ஐஸ் வாங்கியவர் ஏமாளி. அவரைத் திட்டித் திருத்த முடியாது. இந்த மறுப்பைச் சும்மா தள்ளிவிட்டு எழுதப்படும் எந்த அறிவுரையும் கரையில் எடுபடாது. ஆனால் நண்டைக் கவனியுங்கள். அதே கரை, அதே வியாபாரி, அதே கடன். உயிர் நண்டுக்கு ஒரு விலை, செத்த நண்டுக்கு இன்னொரு விலை. யாரும் பாடம் நடத்தாமலே நண்டு பிடிப்பவர் ஈரச் சாக்கைத் தேடுகிறார். உயிர் இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிவதால் அங்கே தரத்துக்கு விலை கிடைக்கிறது. மீனில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தெரியவைக்க முடியும். கம்பி முனையுள்ள வெப்பமானியை மீனின் வயிற்றில் செருகினால் எண் வந்துவிடும்: 3 டிகிரியா, 27 டிகிரியா என்று.

மீனுக்கு மதிப்புக் கூடினால் பேராசையும் கூடி இன்னும் அதிகம் பிடிப்பார்களே என்று சூழலியல் பக்கமிருந்து ஒரு கேள்வி வரக்கூடும். வரலாம்தான், விலை உயர்வு மட்டும் கடலைக் காப்பாற்றியதாக எங்கும் வரலாறு இல்லை. வலைக்கண் அளவும், பிடிக்கும் நாளின் கட்டுப்பாடும், இழுவலையின் எல்லையும் அதற்குத் தனியே வேண்டும். ஆனால் கெடும் மீனுக்கும் சேர்த்துத்தான் இப்போது கடல் கொடுக்கிறது. ஐந்து கூடை இழுத்து நாலு கூடைக்குக் காசு பார்ப்பவர், நாலே கூடை இழுத்தாலும் அதே காசு பார்க்க முடியும் என்ற நிலை வந்தால் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேச ஓர் இடமாவது கிடைக்கும்.

கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுக்கு வர்ணம் அடிப்பதும், வலை கட்டுவதும், இயந்திரம் பழுது பார்ப்பதும் அப்போதுதான் நடக்கின்றன. ஏலக்கூடத்தில் செய்ய வேண்டிய மாற்றத்துக்கும் அதுவே வாய்ப்பான நேரம்: மீனவர் சங்கமும் ஏலக்காரரும் சேர்ந்து, ஐந்து டிகிரிக்குக் கீழே வந்த மீனைத் தனிக் கூறாகப் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும், தளத்துக்கு நாலு வெப்பமானி வாங்க வேண்டும். தடை முடிந்து படகுகள் திரும்பும் முதல் காலையில் இரண்டு கூறும் அடுத்தடுத்து ஏலத்துக்கு வரும். எதற்கு எவ்வளவு என்று வியாபாரி சொல்லட்டும்.